சொல்லிலிருந்து எண்ணுக்கு: நம்ம மேளத்தை எழுதிய வரலாறு

(வரலாறு / இசைக்கல்வி – ஆசிரியர்களுக்கும் தேர்வு மாணவர்களுக்கும்)

முன்னுரை

பள்ளியில் இசைக்கல்வி எடுக்கும் ஆசிரியர்களுக்கும், ஆண்டு விழாவுக்கு மேளக் குழு தயார் செய்பவர்களுக்கும், தேர்வில் இசைப்பாடம் எடுக்கும் மாணவர்களுக்கும் ஒரு நாள் ஒரே கேள்வி வந்து நிற்கும்: "இந்த அடியை எப்படி எழுதுறது?" பாட்டுன்னா ச ரி க ம என்று எழுதிடலாம். ஐந்து கோட்டிலும் போட்டுடலாம். கொட்டுக்கு என்ன செய்வது?

இப்போது கணினியில் இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள் இருக்கிறது. மியூஸ்ஸ்கோர் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு சின்ன மிடி கீபோர்டை யு.எஸ்.பி. கம்பியில் இணைத்து, கட்டையை அழுத்தினால் குறிப்பு திரையில் விழும். ஆனால் மிருதங்கத்தையோ உறுமியையோ எழுத உட்கார்ந்தால், எந்தக் கட்டை எந்த அடி என்பதை மென்பொருள் சொல்லாது. அந்த இடம் காலியாகவே இருக்கும். அது ஏன் காலி என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. கடைசிப் பகுதியில் வகுப்பில் செய்து பார்க்கும் முறையும் உண்டு.

1. வாயே ஏடு

தமிழரின் தாளக் கருவிகளுக்குப் பெயர்ப் பட்டியல் எப்போதும் குறைவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்க்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என்று பிற்கால இலக்கணம் பிரித்துச் சொல்லும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரோடு தண்ணுமை ஆசிரியனுக்கும் தனி இடம் உண்டு. அந்தப் பகுதிக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் ஏறத்தாழ முப்பது தோற்கருவிகளின் பெயரை வரிசையாகத் தருகிறார்.

கல்லிலும் சான்று இருக்கிறது. புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு ஒன்று பாறையில் வெட்டப்பட்டுள்ளது. அதில் சுரங்கள் எழுத்தாகவே இருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராசராசன் நியமித்த ஆடல் மகளிரின் பெயர்களோடு கொட்டு வாசித்த உவச்சர்களும் இடம்பெறுகிறார்கள். கவனித்துப் பாருங்க: சுரம் கல்லில் ஏறியது, வாசித்தவரும் கல்லில் ஏறினார். அவர் வாசித்த அடி மட்டும் ஏறவில்லை.

அதற்குக் காரணம் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அடிக்கு வேறொரு ஏடு இருந்தது. அதுதான் சொற்கட்டு. 'தகதிமி' என்றால் நான்கு, 'தகிட' என்றால் மூன்று, 'தகதகிட' ஐந்து, 'தகிடதகதிமி' ஏழு, 'தகதிமிதகதகிட' ஒன்பது. சதுச்ரம், திச்ரம், கண்டம், மிச்ரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து சாதிகளும் இந்தச் சொற்களுக்குள்ளேயே அடங்கிவிடும். எண்ணிக்கை, விரல், ஒலி மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. மாணவன் கருவியைத் தொடும் முன்னே வாயால் சொல்லித் தாளம் போடுவான். வாயில் வந்தது கையில் வரும் என்பதுதான் குருகுலக் கணக்கு.

சொல் ஏட்டிலும் ஏறியது. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் திருப்புகழில் பறை, உடுக்கை முதலியவற்றின் ஒலிகளைச் சொற்களாகவே பாட்டுக்குள் வைத்தார். நட்டுவனார்கள் தங்கள் குறிப்பேடுகளில் சதிகளைச் சொல்லாகத்தான் எழுதி வைத்தார்கள். ஆகவே 'நம்ம கொட்டுக்கு எழுத்து இல்லை' என்று தேர்வில் எழுதினால் அது பாதி உண்மைதான். எழுத்து இருந்தது, அது தமிழ் எழுத்தாகவே இருந்தது.

ஒரு குறையும் உண்டு. ஒரே சொல்லை ஒரு வழியில் வந்தவர் ஒரு விரலிலும், இன்னொரு வழியில் வந்தவர் வேறு விரலிலும் வாசிப்பார். வேகம் கூடினால் விரல் மாறும். குரு பக்கத்தில் இருக்கிறவரை இது சிக்கலே இல்லை. அவர் போன பிறகு, வெறும் சொல்லை வைத்துக்கொண்டு அடியைத் திரும்பக் கண்டுபிடிப்பது சிரமம்.

2. அச்சில் ஏறிய பாட்டு, ஏறாத மேளம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம்ம இசை அச்சுக்கு வந்தது. சென்னையில் அ. ம. சின்னசாமி முதலியார் 1893 வாக்கில் கர்நாடக இசைப் பாடல்களை மேற்கத்திய ஐந்து கோட்டுக் குறிப்பில் வெளியிட்டார். 1904இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வந்தது. கமகங்களுக்கென்றே தனித்தனி அடையாளங்கள் அதில் உண்டு. 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார்.

இந்த மூன்றும் பெரும் உழைப்பு. மூன்றுமே சுரத்தையும் பாட்டையும் பற்றியவை. பாட்டோடு மிருதங்கம் என்ன வாசித்தது என்பதை அவை எழுதப் புகவில்லை. மிருதங்கம் அறிவியலாரின் கவனத்துக்கு வந்ததுகூட வேறு வழியில்தான். 1920இல் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து, இந்திய மேளங்கள் ஒத்திசைவான மேல்சுரங்களைத் தருவதைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். வலந்தலை நடுவே பூசும் கருப்பு மருந்து சும்மா அலங்காரம் இல்லை, அதுதான் சுரத்தைக் கொடுக்கிறது என்பது அதில் தெளிவானது.

அடியை எழுதும் முயற்சி பல்கலைக்கழகத்தில் வேகம் பிடித்தது 1960களில். மிருதங்கக் கலைஞர் தி. இரங்கநாதன் (நடனக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி) 1963இல் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். 1965இல் இராபர்ட் பிரவுன் தென்னிந்திய மிருதங்கம் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். அதே வெசுலியனில் கற்பித்த தேவிட் நெல்சன் 2008இல் சொற்கட்டுக்கென்றே ஒரு பாடநூல் வெளியிட்டார். தமிழ்ச் சொல் தெரியாத மாணவன் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எழுதிக் காட்ட வேண்டிய தேவை வந்தது.

3. ஐந்து கோட்டில் கொட்டு

மேற்கத்திய முறையில் கொட்டு எப்படி எழுதப்படுகிறது? பாட்டில் கோட்டின் உயரம் சுரத்தைக் காட்டும். கொட்டில் அதே உயரம் கருவியைக் காட்டும். டிரம் செட்டில் காலால் மிதிக்கும் பெரிய டிரம் கீழ் இடைவெளியில், ஸ்னேர் கீழிருந்து மூன்றாம் இடைவெளியில், ஹை-ஹாட் மேலே பெருக்கல் குறியோடு. தொடக்கத்தில் சுரச்சாவிக்குப் பதிலாக இரண்டு தடித்த நேர்கோடுகள் நிற்கும்.

இதுகூட வானத்திலிருந்து விழுந்த விதி கிடையாது. ஒவ்வொரு பதிப்பாளரும் ஒவ்வொரு இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரம் செட் குறிப்பை ஒழுங்குபடுத்தும் நார்மன் வைன்பெர்க்கின் கையேடு 1998இல்தான் வந்தது. அதாவது, உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டால்தான் குறியீடு நிற்கும். இந்தப் பாடம் நமக்கு ரொம்ப முக்கியம்.

4. 1983: கட்டை எண்ணானது

1980களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தின் மின்னணு கீபோர்டு இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தின் தேவ் ஸ்மித், ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ காகேகாசி இருவரும் முன்னின்று, ஒரு பொது மொழியை உருவாக்கினார்கள். 1983 சனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் இரு நிறுவனங்களின் கருவிகளும் ஒரே கம்பியில் இணைந்து ஒலித்தன. அதுதான் மிடி. 2013இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

அதே 1983இல்தான் மலேசியாவில் கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்து, தொடக்கப்பள்ளியில் இசைக்கல்வி ஒரு பாடமாயிற்று. மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மிடி ஒலியை அனுப்புவதில்லை. தேர்வில் பலரும் சறுக்கும் இடம் இது. கட்டையை அழுத்தினால் மூன்று செய்திதான் போகும்: எந்தத் தடம் (16 தடங்களில் ஒன்று), எந்தக் கட்டை (0 முதல் 127 வரை ஓர் எண்), எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் (அதுவும் 127 வரை). கட்டையை விட்டதும் 'நிறுத்து' என்று இன்னொரு செய்தி. நடு சி-யின் எண் 60. கட்டை எண் 36 என்றால் என்ன ஒலி வரணும் என்பதை மறுமுனையில் இருக்கிற கருவி முடிவு செய்யும்.

தமிழ்த் திரையிசையும் விரைவிலேயே இந்த வழிக்கு வந்தது. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினிவழி இசையைப் பயன்படுத்தினார். குறிப்பு எழுதும் மென்பொருள்களில் ஃபினாலே 1988இலும், சிபேலியஸ் 1993இலும் வந்தன. மியூஸ்ஸ்கோரின் பணி 2002இல் தொடங்கியது.

5. 1991: இரண்டு அட்டவணைகள்

மறுமுனை என்ன ஒலியை எழுப்பணும் என்பதில் ஒற்றுமை இல்லாததால், 1991இல் 'ஜெனரல் மிடி' என்ற பொது அட்டவணை வந்தது. 10ஆம் தடம் கொட்டுக்கு ஒதுக்கப்பட்டது. 35 முதல் 81 வரை 47 எண்களுக்கு 47 கொட்டு ஒலிகள். 36 பெரிய டிரம், 38 ஸ்னேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட்.

அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். போங்கோ, கொங்கா, அகோகோ மணி, குயிரோ எல்லாம் உண்டு. 78, 79 ஆகிய எண்கள் பிரேசிலின் குயீக்காவுக்கு. குயீக்கா அடிக்கும் மேளம் இல்லை. தேய்த்து உறும வைக்கும் மேளம். நம்ம உறுமியும் அப்படித்தான்: ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்போம், மறுமுகத்தைக் குச்சியால் அடிப்போம். தேய்த்து ஒலிக்கும் குயீக்காவுக்கு இரண்டு எண் கிடைத்தது. உறுமிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மிருதங்கம், தவில், பறை, தபலா எதுவுமே அந்த 47இல் இல்லை. மற்ற கருவிகளின் அட்டவணையில் சித்தாருக்கும் செனாயிக்கும் இடம் உண்டு. இந்திய மேளத்துக்கு அங்கேயும் இல்லை.

இப்போது அதே 1991இல் வந்த இன்னொரு அட்டவணையைப் பாருங்க. அந்த ஆண்டு அக்டோபரில் ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தது. அதில் தமிழ் எழுத்துகளுக்கு எண் இருந்தது. அதற்கு முன்பே, 1980களின் நடுவில், நம்ம நாட்டு முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத மென்பொருள் உருவாக்கத் தொடங்கியிருந்தார். அதற்கு வைத்த பெயர் 'முரசு'. கணினிக்குள் தமிழைக் கொண்டுபோன கருவிக்கே ஒரு கொட்டின் பெயர்!

ஒரே ஆண்டு, இரண்டு அட்டவணை. எழுத்துக்கு எண் கிடைத்தது, முரசுக்குக் கிடைக்கவில்லை. எழுத்துக்காகக் கேட்பதற்கு ஆள் இருந்தது, அதற்கு முன்பே வேலையும் நடந்திருந்தது. கொட்டுக்கு நம்ம பக்கத்தில் ஒத்துக்கொண்ட பட்டியலே கையில் இல்லை. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. காரணத்தை மட்டும் தெரிந்துகொள்வோம்.

6. பைராம் தோட்டம் போன்ற இடங்களில் என்ன போகிறது?

பினாங்கின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் இருக்கிறது பைராம் தோட்டம். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறை பெரிய கரும்புப் பகுதியாக இருந்தது. அந்தக் கரும்புக்காகத்தான் ஒப்பந்தத் தொழிலாளராகத் தமிழர் கப்பலேறி வந்தார்கள். பிறகு கங்காணி முறை. 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய் செம்பனை வந்தது.

வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது கொஞ்சம்தான். மேளம் அதில் ஒன்று. தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தைப்பூசக் காவடி, கல்யாணம், சாவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அடி. பறை, பம்பை, உறுமி, தவில் வாசித்தவர்களில் பெரும்பாலோர் பகலில் மரம் சீவியவர்கள். குறிப்பேடு கிடையாது. அப்பா வாசிப்பதை மகன் கேட்டுப் பிடித்துக்கொண்டான். பறையைச் சாதியோடு ஒட்டிப் பார்த்த பழக்கமும் கூடவே கப்பலேறி வந்ததால், அந்த அடிகளை 'எழுதத் தகுந்த இசை' என்று நினைத்தவர்களும் குறைவு. மிருதங்கச் சொற்கட்டாவது நோட்டில் இருக்கிறது. சாவுக்கு அடிப்பது எப்படி, சாமி இறங்கும்போது உறுமி எந்த நடையில் மாறும் என்பதெல்லாம் வாசிப்பவர் கையோடுதான்.

தோட்ட வாழ்க்கை கலைந்து மக்கள் பட்டணத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் போன பிறகு, கேட்டுப் பிடிக்கிற அந்த வழி அறுந்துகொண்டு வருகிறது. உறுமி மேளக் குழுக்கள் இன்றைக்கும் இருக்கின்றன, இளைஞர்கள் ஆர்வமாகத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்து அடி எது, புதிதாக யூடியூபில் வந்தது எது என்று பிரித்துச் சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க எழுத்து வேண்டும் இல்லையா? தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கையில் இருக்கும் கணினியும் கீபோர்டும் அந்த வேலைக்குப் போதும்.

7. வகுப்பில் செய்து பார்ப்போம்

முதலில் அட்டவணை. ஐந்து சொல், ஐந்து வெள்ளைக் கட்டை:

தொம் – 36 (சி)
கி – 38 (டி)
தி – 40 (இ)
ண – 41 (எஃப்)
த – 43 (ஜி)

சின்ன 25 கட்டை கீபோர்டு பொதுவாக 48இல் தொடங்கும். அதனால் 'ஆக்டேவ்' குறைக்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்திவிட்டால் முதல் கட்டை 36 ஆகிவிடும். மென்பொருளில் கொட்டுக்கான கோட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் கொட்டு அட்டவணையைத் திறந்து, ஒவ்வோர் எண்ணுக்கும் நம்ம சொல்லைப் பெயராகக் கொடுத்து, எந்தக் கோட்டில் விழணும் என்று சொல்லிவிட வேண்டும். தொம் கீழே, த மேலே.

இப்போது ஒரு தீர்மானம். ஆதி தாளம் 8 எண்ணிக்கை. 4/4இல் இரண்டு கட்டம். இரண்டாம் கட்டத்தில் பதினாறில் ஒரு பங்குக் குறிப்பு 16 அடங்கும். முதல் இடத்தை மௌனமாக விட்டு, 'ததிகிணதொம்' மூன்று தடவை போட்டால் 1 + 15 = 16. அடுத்த அடி சமத்தில் விழும்.

மியூஸ்ஸ்கோரில் குறிப்பு எழுதும் நிலைக்குப் போய், கணினி விசைப்பலகையில் 3 அழுத்தினால் பதினாறில் ஒரு பங்கு. 0 அழுத்தினால் மௌனம். பிறகு கீபோர்டில் ஜி, இ, டி, எஃப், சி – மூன்று தடவை. இந்தப் படிப்படி முறையில் நீங்கள் மெதுவாக அழுத்தினாலும் பரவாயில்லை, காலத்தை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். இரண்டு கையும் சேர்ந்து விழும் 'தாம்' போன்ற அடிக்கு இரண்டு கட்டையை ஒன்றாக அழுத்தலாம்.

இன்னொரு முறை, தாளத்தைக் கேட்டுக்கொண்டே நேராக வாசிப்பது. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் மென்பொருள் நம்ம அடியை அருகிலுள்ள கட்டத்துக்குத் தள்ளி வட்டமாக்கும். சதுச்ரக் கட்டம் போட்டு வைத்துவிட்டுத் திச்ர நடையில் வாசித்தால் பக்கம் முழுக்க அலங்கோலம்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் படிப்படி முறையே நல்லது.

கடைசி வேலைதான் முதன்மையானது. எழுதிய குறிப்புகளுக்குக் கீழே, பாட்டு வரி எழுதும் இடத்தில், த-தி-கி-ண-தொம் என்று தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். ஒலியை மாற்றாமல் விட்டால் திரையில் ஓடும்போது தொம்முக்குப் பெரிய டிரம் சத்தம்தான் கேட்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எண் இரவல், சொல் நம்முடையது என்பதை அந்த நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

8. எழுத்து எதை விட்டுவிடும்?

எந்த எழுத்தும் எல்லாவற்றையும் பிடிக்காது. மிருதங்கத்தின் இடந்தலையில் கையை அழுத்தி இழுக்கும் கும்கியையும், உறுமியின் நீண்ட உறுமலையும் ஒரு கட்டையின் எண் பிடிக்காது. குயீக்காவுக்குச் செய்ததுபோல் உறுமிக்கும் 'குறுகியது', 'நீண்டது' என்று இரண்டு கட்டை ஒதுக்கி, மேலே வளைகோடு போடலாம். தீயில் காய்ச்சிய பறையின் விறைப்பை எழுத வழியில்லை. அதனால் ஒலிப்பதிவும் பக்கத்தில் இருக்கட்டும். வாசித்துக் காட்டிய பெரியவரின் அனுமதியோடு, எந்த ஊர், எந்தச் சடங்கு என்பதையும் தலைப்பில் எழுதுங்கள். அட்டவணையையும் தாளின் ஓரத்தில் தவறாமல் போடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்தவர் கையில் அது வெறும் எண்.

முடிவுரை

குடுமியான்மலைப் பாறை சுரத்தை வைத்துக்கொண்டது. சொற்கட்டு எண்ணிக்கையையும் ஒலியையும் வைத்துக்கொண்டு விரலைக் குருவிடம் விட்டது. மிடி எண்ணையும் விசையையும் வைத்துக்கொண்டு பெயரை விட்டது. மூன்றில் ஒன்று போதும் என்று நினைத்தால் நமக்குத்தான் நட்டம். எண்ணுக்குக் கீழே சொல்லையும், சொல்லுக்குப் பக்கத்தில் ஊரையும் எழுதி வைத்தால், நம்ம தோட்டத்து அடி அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேரும். பக்கத்துப் பள்ளிகள் இரண்டு மூன்று கூடி, ஒரே அட்டவணையை ஒத்துக்கொண்டால் அதுவே தொடக்கம். டிரம் செட்டுக்கும் அப்படித்தான் நடந்தது.

தேர்வு மாணவர்களுக்கு – நினைவில் கொள்ள

7ஆம் நூற்றாண்டு – குடுமியான்மலை இசைக் கல்வெட்டு
15ஆம் நூற்றாண்டு – அருணகிரிநாதர் திருப்புகழ்
1904 – சங்கீத சம்பிரதாய பிரதர்சினி
1917 – கருணாமிர்த சாகரம்
1920 – மேளங்கள் பற்றி இராமன், குமார் கட்டுரை
1983 – மிடி, மலேசியாவில் கே.பி.எஸ்.ஆர். இசைக்கல்வி
1991 – ஜெனரல் மிடி, ஒருங்குறியில் தமிழ்

சிந்தனை வினாக்கள்

1. சொற்கட்டு, ஐந்து கோட்டுக் குறிப்பு, மிடி ஆகிய மூன்றும் எதைக் காக்கின்றன, எதை விடுகின்றன? ஒப்பிடுக.
2. 'மிடி ஒலியை அனுப்புவதில்லை' – விளக்குக.
3. ஆதி தாளத்தின் கடைசி 16 இடங்களில் 'தகிட' என்னும் சொல்லை ஐந்து தடவை அமைத்துச் சமத்தில் முடிக்க எத்தனை இடம் மௌனமாக விட வேண்டும்? எழுதிக் காட்டுக.
4. உங்கள் ஊர்க் கோயில் மேளத்தில் ஓர் அடியைக் கேட்டு, அதற்கு அட்டவணையும் சொல்லும் எழுதுக.